குளத்திலிருந்து மேலே வந்த முகம்

விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்போது மாசிலாமணி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காகிதம் இருந்தது. விரலுக்கு அது தெரியவில்லை. முப்பத்தொரு வருஷம் காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் பாளம் தூக்கிய விரல்களுக்குக் காகிதமும் துணியும் ஒன்றுதான். ஆனால் மார்புக்குத் தெரிந்தது, மடித்த முனை குத்தியது. நேற்று மத்தியானம் சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் கையாலேயே எழுதியது. ஐந்தாவதோடு நின்ற படிப்பு, எழுத்து ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு, நான்கு வரிக்கே பக்கம் முடிந்துவிட்டது. இந்தப் படத்துக்காகக் குளத்தில் முதலில் குதித்தவன் நான். என் பெயர் க. மாசிலாமணி. முகத்தைக் காட்டினேன் என்று சொல்லி என்னைத் துரத்தியது இந்த அம்மாள். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வளவுதான். ஐந்து நாளாகத் தினமும் மூன்று மணிக்கு எழும்பூரில் இந்தச் சின்ன அரங்குக்கு வந்து, குளிரில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாத படத்தைப் பார்த்தது இந்த நான்கு வரிக்காகத்தான். படம் முடிந்ததும் கண்ணாடி போட்ட ஒரு பெண், மிருதுளா என்று பெயர், மேடையேறி மைக்கைப் பிடித்து, யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று தமிழிலும் கேட்பாள். நான்கு நாளும் அவர் வாயைத் திறக்கவில்லை. மற்ற படங்களில் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்குப் போடுவது செஞ்சியில் எடுத்த படம். நம்ம ஊரில் எடுத்தது என்பதால் கடைசி நாளுக்கு வைத்திருக்கிறோம் என்று அந்தப் பெண் முதல் நாளே சொல்லியிருந்தாள். ஐம்பத்தொரு வருஷம் ஆயிற்று அது எடுத்து. இந்த ஊர்க் கொட்டகை எதிலும் அது ஓடவில்லை. இன்றைக்குத்தான் அவரும் பார்க்கப்போகிறார். பக்கத்து நாற்காலியில் தனகோட்டி முந்தானையைக் காதைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு, "இன்னிக்காவது அந்த மகராசி சிரிப்பாளா?" என்றாள்.

திரையில் எழுத்துகள் ஓடின. அந்த எழுத்து எதுவும் அவருக்குத் தெரியாது, ஆனால் ஹில்டே கார்ஸ்டன் என்ற பெயரின் உருவம் மட்டும் ஐந்து நாளில் பழகிவிட்டது, முதலில் ஏணி மாதிரி ஓர் எழுத்து, கடைசியில் வளைவு. யூனிட்டில் எல்லோரும் இல்டாம்மா என்பார்கள். போன மார்கழியில் எண்பத்தாறு வயதில் செத்துப்போனாளாம். பேப்பரில் சின்னதாகப் படம் போட்டு, ஜெர்மன் நடிகை நினைவாக ஐந்து படங்கள், அனுமதி இலவசம் என்று இருந்தது. அன்று காலை அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, செத்துட்டாளா என்றார். தனகோட்டி யார் என்று கேட்கவில்லை. கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் என்றால் ஒருத்திதான். "சரி போ, எனக்கு இருந்த ஒரே சக்களத்தியும் போயிட்டா" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள். முதல் நாள் போட்டது அவள் பதினெட்டு வயதில் நடித்த படம், குண்டு போட்டு இடிந்த ஊரில் செங்கல் அடுக்கும் பெண், கறுப்பு வெள்ளை, ஒல்லிக் கழுத்து, எதற்கெடுத்தாலும் கண்ணை அகல விரிக்கிறாள். இரண்டாம் நாள் ஏதோ சிரிப்புப் படம், நர்ஸ் வேஷம், அரங்கில் நான்கு பேர் சிரித்தார்கள், இவர் சிரிக்கவில்லை. அப்போது அவளுக்குப் பெயர் வந்துவிட்டது என்பது தெரிந்தது, அவள் உள்ளே வரும்போதெல்லாம் விளக்கு அவள் முகத்தில் நின்று அடித்தது. அந்த முகத்தைத்தான் அவர் தேடித் தேடிப் பார்த்தார். கெட்டவளுக்கு எங்கேயாவது அது தெரிந்துதானே தீரவேண்டும், உதட்டோரத்திலோ மூக்கிலோ. தெரியவில்லை. நல்ல நடிகை அல்லவா, மறைத்து வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் செஞ்சிக்குப் பிறகு ஆறு வருஷம் கழித்து எடுத்தது, ரயில் நிலையத்தில் புருஷனுக்காகக் காத்திருந்து அவன் செத்த சேதி கேட்கிறவள். நாலாம் நாள் கிழவி வேஷம், பனியில் மாடு மேய்க்கிறவள், பேச்சே கிடையாது. அந்த இரண்டும் வேறு மாதிரி இருந்தன. முன்னே இரண்டு படத்தில் நடித்தவள் நடித்தாள். பின்னே இரண்டில் என்னவோ செய்தாள், என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, சொல்லத் தெரியாததால் கோபம்தான் வந்தது. என்னைத் துரத்திவிட்டு நீ நன்றாக ஆகியிருக்கிறாய். மூன்றாம் நாள் அந்த ரயில் நிலையக் காட்சியில் தனகோட்டி அவர் முழங்கையை இடித்து, "இந்தாய்யா, இந்தம்மா நம்ம குப்பத்துப் பொம்பளை மாதிரி மூஞ்சி தொடைக்குது பாரேன்" என்றாள். "வாய மூடிகினு பாரு" என்று சீறினார். முன்வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார்.

குளிர் முழங்காலில் ஏறியது. குளிர் என்றால் அவருக்கு ஐஸ் கம்பெனிதான். விடிகாலையில் உமியைத் தள்ளிவிட்டுப் பாளத்தைக் கொக்கியில் மாட்டி இழுக்கும்போது உள்ளங்கையிலிருந்து ஒரு வலி புறப்பட்டுத் தோளுக்குப் போகும், பிறகு வலி நின்றுவிடும், நின்றுபோவதுதான் வலியைவிட மோசம். அந்த நேரத்தில் ஒவ்வொரு நாளும் அவர் அவளை நினைத்தார். இப்போது அங்கே எந்தக் கம்பளிக்குள் தூங்குகிறாயோ. விசைப்படகுக்காரன் திட்டினால் அவள். பெரியவனுக்கு டைபாய்டு வந்தபோது அவள். கொக்கி வழுக்கிக் கால் பெருவிரல் நசுங்கிய அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஸ்டண்ட் மாஸ்டர் ஏகாம்பரத்தைக்கூட நினைக்காமல் அவளையே நினைத்தார். மாஸ்டர் அறைந்தார், ஆனால் மாஸ்டர் நம்ம ஆள், கை நீட்டுகிறவன் ஏதோ ஒரு கோபத்தில் நீட்டுவான். அவள் கை நீட்டவில்லை, விரல் நீட்டினாள். குளத்துக் கரையில் நின்று, பெரிய வெள்ளைத் துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு, டைரக்டரிடம் என்னவோ சொல்லிக்கொண்டே, விரலை அவன் பக்கம் நீட்டினாள். அந்த விரலை அவர் மறந்ததில்லை. அந்த இருபத்தொரு வயது மாசிலாமணியை இந்த மாசிலாமணி அவன் என்றுதான் நினைப்பார். வேறு யாரோ ஒரு நல்ல பையன், எங்கேயோ போயிருக்க வேண்டியவன், செஞ்சிக் குளத்தோடு போய்விட்டான். அவனுக்காகத்தான் இத்தனை கோபமும். தனக்காகக் கோபப்படும் அளவுக்குத் தன்னிடம் ஒன்றும் இருந்ததாக அவருக்குத் தோன்றியதில்லை.

இதோ திரையில் கோட்டை வந்துவிட்டது. ராஜகிரி மலை, மேலே குண்டுப் பாறைகள், ஆனால் வண்ணம் என்னவோ செய்திருந்தார்கள், வானம் அத்தனை நீலமாக இருக்கவில்லை, அன்றைக்குத் தை மாதப் புழுதி. தன் தகப்பனைத் தேடி வந்த வெள்ளைக்காரப் பெண், கொள்ளைக்காரர்கள் துரத்துகிறார்கள், இதுதான் கதை என்று தங்கையா சொல்லியிருந்தார். தங்கையா மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தவர், ஜெர்மன் தெரியும் என்பதால் யூனிட்டில் மொழி சொல்ல வந்தார். ஹில்டே இறங்கி ஓடி வந்தாள், நீலக் கவுன், மஞ்சள் முடி. ஓட்டத்தைப் பார்த்ததும் மாசிலாமணியின் கால்கள் நாற்காலிக்கடியில் தாமாக அசைந்தன. அந்த ஓட்டத்தை அவன் மூன்று நாள் படித்தான். குதிரையும் அந்தரத்தில் கரணமும் குதியும் அவனுக்கு வரும், கடலில் பிறந்தவன், படகு முகப்பிலிருந்து தலைகீழாகப் பாய்கிறவன். ஆனால் பொம்பளை ஆர்ட்டிஸ்டுக்கு டூப் என்றால் குதிப்பது மட்டும் போதாது. பொம்பளை ஃபைட்டர் அந்தக் காலத்தில் ஏது, ஒல்லியான ஆம்பளைக்குத்தான் டோப்பா வைத்துக் கவுன் மாட்டுவார்கள். மாஸ்டர் அவனை மரத்தடியில் உட்காரவைத்து, "டேய், மூணு நாளைக்கு உனக்கு வேற வேல கெடையாது. அந்தம்மாவப் பாரு. நடக்கச் சொல்ல பாரு, குந்தச் சொல்ல பாரு. ஒடம்புதான் உன்னுது, மூஞ்சி அவங்களுது. மூஞ்சி எவனுக்காவது தெரிஞ்சுதுன்னு வை, நீ டூப்பு இல்ல, தப்பு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பார்த்தான். இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். ஓடும்போது முழங்கையை உடம்போடு ஒட்ட வைக்கமாட்டாள், கோழி சிறகு விரித்தது போல எட்டவே இருக்கும். நிற்கும்போது எடை முழுக்க வலது காலில். அவன் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. இரண்டாம் நாள் அவளும் திரும்பிப் பார்த்தாள், முறைத்த மாதிரி இல்லை, தச்சன் மரத்தைப் பார்ப்பது போல, நேராக, வெகு நேரம். அவனுக்கு வேர்த்துவிட்டது. ஒரு தடவை அவன் பாறை மறைவில் அவளைப்போல ஓடிப் பழகியபோது அவள் மேலேயிருந்து கை தட்டினாள். கிண்டலாகத்தான் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை, பிறகு ஐம்பத்தொரு வருஷமும் தோன்றியது.

"இதுல எது நீ?" என்று தனகோட்டி காதருகில் கேட்டாள். "இன்னும் வரல." "வருமா?" அதுதானே கேள்வி. அடுத்த நாளே இன்னொரு ஃபைட்டர் பெருமாளை வைத்துத் திரும்ப எடுத்துவிட்டோம், உன் குதி குப்பையில் போச்சு என்று மாஸ்டர் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். பெருமாள் செத்து இருபது வருஷம், உயிரோடு இருந்தவரை கேட்டால் சிரிப்பான், ஆமாம் என்றும் சொல்லமாட்டான் இல்லை என்றும் சொல்லமாட்டான். வீட்டிலும் தெருவிலும் ஐஸ் கம்பெனியிலும் நான் ஒரு ஜெர்மன் படத்தில் குதித்தவன் என்று அவர் சொல்லிச் சொல்லி அது ஒரு பட்டப்பெயராகவே போய்விட்டது, ஜெர்மன் மாசி. ஜெர்மன் மாசி, ரெண்டு பாளம் எறக்கு. இப்போது திரையில் பெருமாள் முதுகு வந்தால்? பெருமாள் முதுகு அகலம், தெரிந்துவிடும். பக்கத்தில் இவள் இருக்கிறாள். இவள் ஒன்றும் சொல்லமாட்டாள், அது இன்னும் கொடுமை, வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டு ஒரு துண்டு மீன் கூடுதலாக வைப்பாள். பையிலிருக்கும் காகிதத்தை என்ன செய்வது? முதலில் குதித்தவன் நான் என்றால் அந்தக் குதி எங்கே என்று அந்தக் கண்ணாடிப் பெண் கேட்கமாட்டாளா? குப்பையில் போன குதிக்குச் சாட்சி யார்? எழுந்து ஒண்ணுக்குப் போய்விடலாமா என்று நினைத்தார். உண்மையாகவே வந்தது. வரிசையில் ஆறு பேரைத் தாண்ட வேண்டும். போய்விட்டு வருவதற்குள் குளம் வந்து போயிருந்தால் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பார்க்காதவரை அவன் குதித்துக்கொண்டேதானே இருப்பான். எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு நடந்தது மொத்தம் ஒரு நிமிஷம். பாறை முப்பதடி. கீழே குளம், பச்சை. கற்பூரம் சுற்றினார்கள், எலுமிச்சையை நசுக்கினான். நம்ம படம் எதுவானாலும் ஃபைட் சீனில் மாஸ்டர்தான் ராஜா. ஷாட் முடிந்தால் மாஸ்டர் விசில் ஊதுவார், விசில் கேட்டால் கேமரா நின்றது என்று அர்த்தம், அதற்குப் பிறகு நீ நொண்டலாம், அழலாம், முகத்தைக் காட்டலாம். தண்ணீருக்குள் இருப்பவனுக்குக் கட் என்று கத்தினால் கேட்காது, விசில் கேட்கும். அப்படித்தான் வழக்கம். ஜெர்மன்காரர்களுக்கு விசிலே கிடையாது. டைரக்டர் தன் வாயால் சொல்லும்வரை படம் ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் சத்தம் போடக்கூடாது என்று தங்கையா அன்று காலை மாஸ்டரிடம் இரண்டு தடவை சொன்னார். மாசிலாமணி பக்கத்தில்தான் கவுனுக்குக் கொக்கி போட்டுக்கொண்டு நின்றான், அவன் காதிலும் விழுந்தது. மாஸ்டர் தலையாட்டினார். அவன் குதித்தான். முதுகைக் கேமராவுக்குக் கொடுத்து, முழங்கை எட்ட விரிய, இடது தோள் இறங்க, அவளாகவே விழுந்தான். உள்ளே இருட்டு. கவுன் பாசியைப்போல் முகத்தில் சுற்றிக்கொண்டது, டோப்பா கழுத்தை இறுக்கியது. மூச்சு முடிந்த நேரத்தில் விசில் கேட்டது. தண்ணீருக்குள் அது ஒரு குருவிச் சத்தம் மாதிரி. முப்பது வருஷப் பழக்கத்தில் மாஸ்டர் வாய் தானாக ஊதிவிட்டது. அப்பாடா என்று அவன் திரும்பி, வெளிச்சத்தைப் பார்த்து, மேலே வந்தான். முகத்தோடு. எப்படி வந்தானோ அவனுக்குத் தெரியாது, வெளியே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பாறையிலிருந்து இறங்கி வந்து, ஈரத்தோடு நின்றவனை எல்லோர் எதிரிலும் அறைந்து, "மூஞ்சி காட்டி ஹீரோ ஆகலாம்னு பாக்கறியாடா பொறம்போக்கு" என்றார். விசில் என்று அவன் வாயெடுத்தான். மாஸ்டர் கண்ணைப் பார்த்தான். சொல்லவில்லை. மாஸ்டருக்கு இரண்டு பெண்கள், சொல்லியிருந்தால் ஜெர்மன் கம்பெனி அவரை அப்போதே அனுப்பியிருக்கும். அப்போதுதான் கரையில் அவள் விரல் நீட்டினாள். "இன்னா சொல்லுது அந்தம்மா?" என்று தங்கையாவைக் கேட்டான். "உன்னைப் பத்திதாம்ப்பா பேசுது, இரு, கேட்டுட்டு வரேன்" என்று போனவர் திரும்பி வரவில்லை. அதற்குள் மாஸ்டர் ஆள் வந்து, துணியை மாற்றிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறு என்றான். அதன்பிறகு மாஸ்டர் கையெழுத்து இல்லாமல் ஸ்டண்ட் சங்க அட்டை கிடைக்கவில்லை, அட்டை இல்லாமல் எவனும் கூப்பிடவில்லை. அவள் பேசியது என்ன? முகம் காட்டினவனை வெளியே அனுப்பு என்பதைத் தவிர வேறு என்ன பேசியிருப்பாள்? தங்கையா கேட்டுக்கொண்டு வராத அந்தப் பதிலை அவரே கேட்டு, அவரே சொல்லி, வருஷத்துக்கு வருஷம் ஒரு வார்த்தை கூட்டி வைத்திருந்தார்.

கொள்ளைக்காரர்கள் நெருங்கிவிட்டார்கள். பாறை வந்தது. ஹில்டே விளிம்பில் நின்று கீழே பார்த்தாள், அது அவள்தான், பக்கத்தில். பிறகு தூரத்தில் நீலக் கவுன். எடை வலது காலில். அகல முதுகு இல்லை. ஒல்லி முதுகு. இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. முழங்கை விரிந்தது, பாறை காலைவிட்டுப் போனது, கவுன் குடைபோல எழுந்தது, அதற்குக் கீழே இரண்டு கால்கள், வலது கணுக்காலில் கறுப்புக் கயிறு. கயிறு. அவிழ்க்கச் சொல்லி மேக்கப்காரர் கத்தியும், அம்மா கட்டியது, அவிழ்க்கமாட்டேன் என்று சாக்ஸுக்குள் தள்ளிவிட்ட கயிறு, ஓடிய ஓட்டத்தில் சாக்ஸ் இறங்கி வெளியே தெரிந்தது. "யோவ்" என்றாள் தனகோட்டி, மெதுவாக. நெஞ்சுக்குள் ஏதோ பாளம் நழுவுகிற மாதிரி ஆயிற்று. குப்பையில் போகவில்லை. பெருமாள் இல்லை. அவன் விழுந்துகொண்டிருந்தான், ஐம்பத்தொரு வருஷமும் எங்கேயோ ஓர் இரும்புப் பெட்டிக்குள் அவன் விழுந்துகொண்டேதான் இருந்திருக்கிறான். தண்ணீர் வெடித்து மூடியது. வட்டம் வட்டமாக விரிந்தது. மஞ்சள் முடி மேலே வந்தது, முதுகு, தோள், தலை திரும்பத் தொடங்கியது, இதோ திரும்புகிறான், கன்னத்து எலும்பு தெரிகிறது, அந்த இடத்தில் வெட்டிவிட்டார்கள். திரை முழுக்க அவள் முகம் வந்தது, ஈரத்தோடு. வாய் திறந்திருந்தது, சிரிப்பும் இல்லை அழுகையும் இல்லை, மூச்சுக்காக மட்டும் திறந்த வாய். இடது கண் மூடியிருந்தது, வலது கண் வெளிச்சத்தைப் பார்த்து முழுசாக விழித்திருந்தது. கீழுதட்டை நீட்டி ப்பூ என்று தண்ணீரை ஊதினாள். கையைத் தூக்கினாள். விரலால் துடைக்கவில்லை. மணிக்கட்டின் உட்பக்கத்தைத் தாடையில் வைத்து, கீழிருந்து மேலாக, மூக்கைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, நெற்றிவரை ஒரே இழுப்பாகத் தள்ளினாள்.

ஊரில் எவரும் அப்படித் துடைக்கமாட்டார்கள். எல்லோரும் மேலிருந்து கீழேதான் வழிப்பார்கள், விரலால், உள்ளங்கையால், முந்தானையால். காசிமேட்டுக் குப்பத்தில் மட்டும்தான் அப்படி. விரலில் செதில் இருக்கும், மணல் இருக்கும், உப்பு வலை அறுத்த வெட்டு இருக்கும், கண்ணில் பட்டால் எரியும். மேலிருந்து வழித்தால் தலை உப்பு முழுக்கக் கண்ணுக்குள் இறங்கும். அதனால் மணிக்கட்டால் மேலே தள்ளுவது, நடக்கக் கற்கும் முன்னே கற்பது. அவரும் அப்படித்தான், தனகோட்டியும் அப்படித்தான். ஜெர்மனியில் பிறந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்று பார்த்தாள். வேறெப்படித் தெரியும். அவன் மேலே வந்ததை, மாஸ்டர் அறைவதற்கு முன்னே இருந்த அந்த ஒரு மூச்சு நேரத்தை, தச்சன் மரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து எடுத்துக்கொண்டாள். அப்படியானால் விரல் நீட்டியது? அவனைப்போல நான் வருகிறேன் என்றா? அவனை வைத்துக்கொள் என்றா, இல்லை, அவன் முகத்தை வெட்டிவிட்டு என்னுடையதைப் போடு என்றா? தங்கையா எங்கே போய்த் தொலைந்தார். மூன்றாம் நாள் ரயில் நிலையம் நினைவுக்கு வந்தது. புருஷன் செத்த சேதியைக் கேட்டு அந்த அம்மாள் சத்தமே இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து, பிறகு ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, மணிக்கட்டால் மேலே தள்ளினாள். கிழவியாகப் பனியில் மாட்டைப் புதைத்துவிட்டு நிமிர்ந்தபோதும் அதே. அப்போது அவளுக்கு வயது அறுபது இருக்கும். முதல் நாள் படத்தில் இல்லை, நர்ஸ் படத்தில் இல்லை. செஞ்சிக்குப் பிறகுதான். தாங்கமுடியாத இடம் வரும்போதெல்லாம் அவள் இதைத்தான் எடுத்திருக்கிறாள். அவர் ஐஸ் பாளத்தை இழுத்துக்கொண்டே அவளைத் திட்டிய அத்தனை விடிகாலையிலும் அவள் எங்கேயோ ஒரு விளக்குக்கு முன்னால் அவன் முகத்தைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். திருடி என்று நினைத்தார். அந்த வார்த்தை வாய்வரை வந்து நின்றது. திருடின பொருளை யாராவது இத்தனை வருஷம் இப்படித் துடைத்து வைத்திருப்பார்களா? ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே. யாருக்குப் போடுவாள், பெயர் தெரியுமா? டூப்புக்குப் பெயர் ஏது. தன்னைப் பஸ் ஏற்றிவிட்டது யார் என்று முதல் தடவையாக நிதானமாக நினைத்துப் பார்த்தார். ஏகாம்பரம் மாஸ்டர் செத்தபோது மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டு அழுதுவிட்டு வந்தவர். கோபம் அவருக்குள் இடம் தெரியாமல் சுற்றியது. அதை எடுத்து எங்கே வைப்பது, இந்த வயதில்? மாஸ்டர் மேல் வைக்க மனம் வரவில்லை. அவள் மேல் வைத்தது வழுக்கிக்கொண்டே இருந்தது.

மீதிப் படம் என்னவோ ஓடியது. தகப்பன் கிடைத்தான் போல, யாரோ கட்டிக்கொண்டார்கள். தனகோட்டி, "அன்னிக்கே சொன்னேன் இல்ல" என்றாள், "குப்பத்துப் பொம்பளை மாதிரி தொடைக்குதுன்னு. பொம்பளைன்னு சொன்னதுதான் தப்பு." பிறகு கையைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்ததா என்று அவர் விரலுக்குத் தெரியவில்லை.

விளக்குகள் எரிந்தன. நாற்பது பேர் இருப்பார்கள், கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். மிருதுளா மேடையேறி, ஹில்டே கார்ஸ்டனைப் பற்றி இங்கிலீஷில் கொஞ்சம் சொல்லிவிட்டு, தமிழில், "இந்த அஞ்சு நாளும் தவறாம வந்தவங்களுக்கு நன்றி. யாராவது ஏதாவது பகிர்ந்துக்க விரும்புறீங்களா?" என்றாள். மாசிலாமணி எழுந்து நின்றார். எழவேண்டும் என்று நினைத்து எழவில்லை, ஐந்து நாளாக அந்தக் கேள்விக்கு எழுந்திருக்கத் தயாராக இருந்த உடம்பு தானாக எழுந்தது, மாஸ்டர் வாய் விசில் ஊதியதைப்போல. "சொல்லுங்க ஐயா" என்றாள் அந்தப் பெண். யாரோ மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். அது இருப்பது விரலுக்குத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பையில் காகிதம் குத்தியது. இந்தப் படத்துக்காக முதலில் குதித்தவன் நான். அதுவரை சரி. மூன்றாவது வரி. என்னைத் துரத்தியது. அந்த வரியை இப்போது எப்படிப் படிப்பது? வேறு என்ன சொல்வது? அந்த அம்மாள் நல்லவள் என்றா? அவருக்கு என்ன தெரியும் அவளைப் பற்றி. அந்தக் கயிறு என் அம்மா கட்டியது என்று சொல்லலாமா? முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஐயா?" என்றாள் அந்தப் பெண். குளத்து இருட்டு, மூச்சு முடிகிற நேரம். யாரும் விசில் ஊதவில்லை. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை, கண்ணில்தான் வந்தது, இடது பக்கம் முதலில். இடது கண்ணை மூடிக்கொண்டார். வலது கண்ணில் மேடை வெளிச்சம் முழுசாக விழுந்தது. கீழுதட்டை நீட்டி மூச்சை ஊதினார். ஒரு கையில் மைக் தொங்க, மற்றக் கை எழுந்து, மணிக்கட்டின் உட்பக்கம் தாடையில் பட்டு, மூக்கைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, நெற்றிவரை ஒரே இழுப்பாகப் போனது.

முன்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மூன்றாம் நாள் முறைத்தவர் எழுந்து நின்று, வெறும் திரையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மேடையில் அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். காகிதம் பைக்குள்ளேயே இருந்தது. தனகோட்டி அவர் சட்டை நுனியைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்தாள்.

"குந்துய்யா" என்றாள். "பாத்துட்டாங்க."